பனிக்கால நெடுஞ்சாலையில் பங்க் வேலை: கிருஷ்ணகிரி, தருமபுரி ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓசூரில் இருந்து தொப்பூர் வரை 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓரத்து பெட்ரோல் பங்க்குகளில் நாசில் பிடிப்பவர்கள், கல்லாவில் உட்காருபவர்கள், டயருக்குக் காற்று பிடிப்பவர்கள், ராத்திரி ஷிப்ட் சூப்பர்வைசர்கள் எல்லாருக்குமாக எழுதிய பக்கம் இது. நம் பக்கத்தில் குளிர்காலத்துக்கு இரண்டு முகம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழை. மார்கழி, தையில் பனிமூட்டம். இரண்டிலும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: எப்போது விற்பனையை நிறுத்துவது என்பது. மீதி எல்லாம் அதைச் சுற்றி வருகிறது.

பனிமூட்டம் எந்த நேரத்தில், எந்த இடத்தில் அதிகம்?

மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்று அசையாத ராத்திரியில்தான் பனி நன்றாக இறங்கும். ஈரமான தரை ராத்திரி முழுக்கச் சூட்டை இழக்கிறது. அதை ஒட்டியிருக்கும் காற்றும் குளிர்ந்து, அதில் இருக்கும் ஈரம் துளித்துளியாகி மூட்டமாக நிற்கிறது. ஏரி, அணை, ஆற்றுப் பள்ளம் பக்கத்தில் ஈரம் கூடுதல் என்பதால் அங்கே திடீரென்று சுவர் மாதிரி எதிர்ப்படும். கிருஷ்ணகிரி அணைப் பக்கமும் சூளகிரி, மேலுமலை மேடுகளும் இதற்குப் பேர்போனவை. ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருப்பதால் அந்தப் பக்கம் குளிரும் அதிகம்.

நள்ளிரவுக்கு மேல் ஆரம்பித்து, விடியலை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகும். பொழுது விடிகிறது, இனி கலைந்துவிடும் என்று நினைத்து ஐந்தரை மணிக்குக் கிளம்புகிறவர்கள்தான் மோசமான மூட்டத்துக்குள் போய் மாட்டுகிறார்கள். வெயில் ஏறி எட்டு, எட்டரைக்குத்தான் பெரும்பாலும் விலகும். (மாந்தோப்புக்காரர்களுக்கும் இது வயிற்றைக் கலக்கும் நேரம். பூவெடுக்கும் தை மாதத்தில் பனி தொடர்ந்து பெய்தால் பூ கருகி உதிரும்.)

பனி எவ்வளவு அடர்த்தி என்று எப்படி அளப்பது?

வானிலைத் துறைக் கணக்கில் 200 மீட்டருக்குக் கீழே பார்வை குறைந்தால் அது அடர்பனி. 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்பனி. பங்க்கில் நின்றபடியே இதை அளக்கலாம். ஒரு நல்ல வெயில் நாளில், கேனோபியின் (பம்ப்புகளுக்கு மேல் இருக்கும் கூரையின்) வெளித்தூணில் இருந்து சாலையின் இரண்டு பக்கமும் 50, 100, 200 மீட்டரில் என்ன இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்குக் கம்பம், ஒரு புளியமரம், பஞ்சர் கடை போர்டு, எதுவானாலும் சரி. நெடுஞ்சாலை ஓரத்தில் 200 மீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கும் சிறு கல்லும் உதவும். இதை ஒரு தாளில் எழுதிக் கல்லாவில் ஒட்டுங்கள். ராத்திரி புளியமரம் தெரியவில்லை என்றால் 100 மீட்டருக்குக் கீழே வந்துவிட்டது என்று புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் தெரிய வேண்டும்.

80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால், டிரைவர் எதையாவது பார்த்ததில் இருந்து அதில் மோதுவதற்கு இரண்டு நொடிக்குச் சற்று மேல்தான் இருக்கிறது.

அடர்பனியில் பங்க்கில் என்னென்ன மாற்ற வேண்டும்?

முதலில் வாசல். பங்க்குக்குத் திரும்ப நினைத்து சாலை ஓரத்திலேயே நின்றுவிடும் லாரிதான் பெரிய எமன். பின்னால் வருபவர் அதன் சிவப்பு விளக்கை, ஓடுகிற வண்டியின் விளக்கு என்று நினைத்து அதையே பின்பற்றி வந்து மோதுவார். அதனால் எந்த வண்டியும் சாலை ஓரத்தில் நிற்கக் கூடாது, உள்ளே வந்துவிட வேண்டும். டீ குடிக்க, சிறுநீர் கழிக்க நிற்கும் வண்டிகளுக்கும் இதுதான். எண்ணெய் போடாவிட்டாலும் இடம் கொடுங்கள்.

நுழைவாயில், வெளிவாயில் இரண்டிலும் ஒளிரும் கூம்புகளை வையுங்கள். வழி காட்ட நிற்பவர் ஒளிரும் ஜாக்கெட் போட்டு, கையில் சிவப்பு எல்இடி தடியோடு, சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே, பங்க் நிலத்தில் நிற்க வேண்டும். கோட்டுக்கு வெளியே ஒரு அடிகூட வேண்டாம். வண்டியை மறிக்கவோ கூவி அழைக்கவோ சாலைக்குள் போகவே கூடாது.

கேனோபிக்குள் பார்வை நன்றாக இருக்கும். ஆபத்து அங்கேதான். வெளிச்சத்தில் இருந்து இருட்டுக்குள் பார்க்கும் ஊழியருக்கு, வெளியே இருந்து வரும் வண்டி கடைசி நேரத்தில்தான் தெரியும். பம்ப் நிற்கும் மேடையைவிட்டு இறங்கும் முன் நின்று, காதுகொடுத்துக் கேட்டு, பிறகு இறங்குங்கள். பின்னால் வரும் லாரியை க்ளீனர் இறங்கி நின்று சொல்லாமல் ரிவர்ஸ் எடுக்க விடாதீர்கள்.

“இப்போ போகலாமா தம்பி?” என்று டிரைவர் கேட்டால் என்ன சொல்வது?

“போகலாம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்: “அண்ணா, இங்க 50 மீட்டர்தான் தெரியுது. எட்டு மணிக்கு மேல கலையும். உள்ள ஓரமா நிறுத்திக்கங்க, காசு எதுவும் வேண்டாம்.” முடிவை அவர் எடுப்பார்.

கிளம்பியே ஆக வேண்டும் என்பவருக்கு: டிம் லைட்டில் போகச் சொல்லுங்கள். ஹை பீம் போட்டால் பனித்துளியில் பட்டு வெளிச்சம் அவர் கண்ணுக்கே திரும்பும். கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படியாமல் ஏசியைக் கண்ணாடிக்குத் திருப்பச் சொல்லுங்கள். ஓவர்டேக் வேண்டாம்.

தருமபுரியில் இருந்து சேலம் போகும் லாரி என்றால் தொப்பூர் கணவாயைப் பற்றி ஒரு வார்த்தை சேருங்கள். அந்தத் திசையில் அது இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டினால் எஞ்சின் பிடிப்பு போய், பிரேக் சூடாகி, கடைசியில் பிடிக்காது. மேலேயே கியரைக் குறைத்து இறங்க வேண்டும்.

இந்தச் சாலை ஸ்ரீநகரில் இருந்து கன்னியாகுமரி வரை போவது. தமிழ் தெரியாத டிரைவர்களும் நிறைய வருவார்கள். மனப்பாடம் செய்துகொள்ள மூன்று வரி. தெலுங்கில், “பொகமஞ்சு எக்குவகா உந்தி, நெம்மதிகா வெள்ளண்டி.” கன்னடத்தில், “மஞ்சு ஜாஸ்தி இதெ, நிதானவாகி ஹோகி.” இந்தியில், “ஆகே கோஹ்ரா ஹை, தீரே ஜாயியே.”

ராத்திரி ஷிப்ட்டுக்கு என்ன உடுத்துவது?

உள்ளே பருத்தி பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் வெளியே ஒளிரும் ஜாக்கெட். ஜாக்கெட்டை ஸ்வெட்டருக்குள் மறைத்தால் பயனில்லை. குரங்குக் குல்லா காதை முழுக்க மூடிவிட்டால் ரிவர்ஸ் ஹாரன் மட்டுப்பட்டுக் கேட்கும். வண்டிகள் நகரும் இடத்தில் நிற்கும்போது ஒரு காதையாவது திறந்து வையுங்கள். மஃப்ளர் முனையைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள். தொங்கும் முனை காற்று பம்ப்பின் பெல்ட்டில் சிக்கும்.

நைலான், பாலியஸ்டர் துணியைக் கழற்றும்போது சடசடவென்று பொறி வரும். தை மாதத்து வறண்ட நாளில் இது அதிகம். எனவே டேங்க்குக்கோ நாசிலுக்கோ பக்கத்தில் ஸ்வெட்டரைக் கழற்றவும் வேண்டாம், போடவும் வேண்டாம். ஸ்வெட்டரில் பெட்ரோல் சிந்திவிட்டால் பதறிக் கழற்றாதீர்கள். பம்ப்பைவிட்டுத் தள்ளிப் போய், துணியைத் தண்ணீரால் நனைத்து, பிறகு கழற்றுங்கள். பெட்ரோல் ஊறிய கம்பளிக் கையுறையும் அப்படித்தான். அது தோலோடு பெட்ரோலைப் பிடித்து வைத்துப் புண்ணாக்கும்.

மாற்றுச் சட்டை, பேண்ட், காலுறை ஒரு ஜோடி லாக்கரில் எப்போதும் இருக்கட்டும். ஈரத் துணியோடு எட்டு மணி நேரம் நிற்பவருக்கு விரல் மரத்துப்போகும். மரத்த விரல் நாசில் லிவரை ஒழுங்காக விடாது, டேங்க் வழிந்து சிந்தும்.

குளிர் காய, பங்க் பின்பக்கம் நெருப்பு மூட்டலாமா?

கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, காற்று இல்லாத பனி ராத்திரியில் பள்ளத்தில் தேங்கும். பின்பக்கக் குப்பைத்தொட்டி அருகே மூட்டிய டயர் நெருப்பும் அது பற்றிக்கொள்ளப் போதும். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது இன்னும் மோசம். வாசனையில்லாத கார்பன் மோனாக்ஸைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜெனரேட்டரையும் மழைக்குப் பயந்து அறைக்குள் ஓட்டக் கூடாது, அதே காரணம்தான். போகிப் பண்டிகை அன்று அக்கம்பக்கத்தில் பழையதைக் கொளுத்துவார்கள். முந்தின நாளே போய், பங்க் பக்கம் கொளுத்த வேண்டாம் என்று அக்கா, அண்ணா போட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள்.

சூட்டுக்கு ஃபிளாஸ்க்கில் டீ, ராகிக் கஞ்சி. ஷிப்ட்டுக்கு முன்னால் வயிறு நிறையக் களி தின்றால் மூன்று மணிக்குத் தூக்கம் அமுக்கும். இரண்டாகப் பிரித்துச் சாப்பிடுவது நல்லது.

நனைந்து நடுங்கிக்கொண்டு வரும் பைக்காரரை எப்படிக் கவனிப்பது?

பெங்களூரில் இருந்து மழையில் நனைந்தபடி வருகிறவருக்கு, ஓட்டத்தில் அடிக்கும் காற்று உடம்புச் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும். உள்ளே உட்கார வையுங்கள். ஈர ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி, காய்ந்த துண்டு, போர்வை கொடுத்து, சர்க்கரை போட்ட சூடான டீ கொடுங்கள். சாராயம் சூடு தரும் என்பது தவறு. அது சூட்டை இழக்கத்தான் வைக்கும். நாக்கு குழறினாலோ, பேச்சு பொருந்தாமல் போனாலோ, ஈரத்தோடு இருக்கும்போதே நடுக்கம் நின்றுபோனாலோ 108-ஐ அழையுங்கள். நடுக்கம் நிற்பது தேறிவிட்டதன் அடையாளம் இல்லை.

குளிரில் டயர் காற்று இறங்குமா?

இறங்கும். ஐந்தாறு டிகிரி குறைந்தால் ஏறக்குறைய ஒரு பவுண்டு. மதியம் சரியாகப் பிடித்தது விடியற்காலை இரண்டு பவுண்டு குறைவாகக் காட்டினால் பஞ்சர் என்று முடிவுகட்ட வேண்டாம்.

விடியற்காலைக் குளிரில் போட்டால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்று வாடிக்கையாளர் சொல்கிறார். சரியா?

பெட்ரோல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் விரியும், சுருங்கும் என்பது உண்மை. ஆனால் டேங்க் மண்ணுக்கடியில் இருக்கிறது. அங்கே ராத்திரிக்கும் பகலுக்கும் சூடு பெரிதாக மாறாது. அளவில் சந்தேகம் என்றால் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டுங்கள். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அந்த நாசிலில் விற்பனை நிற்க வேண்டும்.

டீசல் உறையுமா?

நம் ஊர்க் குளிரில் உறையாது. லடாக்கில் சாதாரண டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். அதற்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய டீசலை 2019-ல் இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. இங்கே குளிர்காலத்தில் டீசல் வண்டி இருமினால் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் முதல் வேலை என்ன?

டேங்க்கை நிரப்புவது. விற்பனைக்காக மட்டும் இல்லை. காலியான டேங்க், நிலத்தடி நீர் ஏறும்போது படகு மாதிரி மிதந்து மேலே தூக்கும். குழாய் முறியும், தரை பிளக்கும். எண்ணெயின் எடைதான் அதை அமுக்கி வைக்கிறது. அதோடு மறுநாள் ஆம்புலன்ஸ், ஜேசிபி, மின்வாரிய வண்டி எல்லாம் உங்களிடம்தான் வரும்.

நம் பக்கம் மலைநாடு, வெள்ளம் வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் உள்ளே வந்து, டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதிகனமழை என்பது கணக்கு. பேருந்து நிலையம் அருகே நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது.

மற்றவை: டேங்க் மூடிகளின் ரப்பர் வாஷர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். கிரேட்டிங் (கம்பி மூடி போட்ட) கால்வாயில் இலை, பாலித்தீன் அள்ளுங்கள். ஃபிளெக்ஸ் பேனரை இறக்குங்கள். மணல் வாளிகளை மூடி வையுங்கள். நனைந்த மணல் சிந்திய எண்ணெயை உறிஞ்சாது. தென்பெண்ணை கரைப் பக்கம் பங்க் என்றால் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளில் தண்ணீர் திறக்கும் அறிவிப்பையும் பார்த்துக்கொண்டிருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

பெட்ரோலில் தண்ணீர் கலந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில்தான் சண்டையும் நஷ்டமும் அதிகம், எனவே நிதானமாகப் படியுங்கள்.

பழைய பெட்ரோலில் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். இப்போது விற்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் கரைந்து கண்ணுக்கே தெரியாது. ஒரு அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து மொத்தமாகப் பிரிந்து அடியில் ஒரு படலமாக இறங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியில் இருந்து. அதனால்தான் ராத்திரி வரை நன்றாக இருந்த டேங்க், விடிந்ததும் பத்து பைக்கை நிறுத்திவிடுகிறது.

கனமழைக்குப் பிறகு, ஷிப்ட் மாறும் நேரத்துக்குக் காத்திராமல், விற்பனை தொடங்கும் முன் பாருங்கள். டிப் ராடின் (டேங்க்குக்குள் விட்டு அளவு பார்க்கும் கோலின்) அடி 10 சென்டிமீட்டருக்குத் தண்ணீர் காட்டும் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவி, மெதுவாக அடிவரை இறக்கி, அரை நிமிடம் வைத்து எடுங்கள். நிறம் மாறிய உயரம்தான் தண்ணீரின் உயரம். பேஸ்ட் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்று டப்பாவைப் பாருங்கள். பழைய வகை, பிரிந்த படலத்தைச் சரியாகக் காட்டாது.

பேஸ்ட் நிறம் மாறவில்லை, ஆனால் மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் நாசிலில் இருந்து சுத்தமான கண்ணாடி ஜாடியில் பிடித்து, பத்து நிமிடம் அசைக்காமல் வெள்ளைத் தாள் முன் வையுங்கள். நல்ல பெட்ரோலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எழுத்தைப் படிக்கலாம். மோர் கலந்த மாதிரி மங்கல், அல்லது நடுவில் ஒரு கோடு தெரிந்தால் விற்பனையை நிறுத்துங்கள். அடர்த்தியும் பாருங்கள்: 15 டிகிரிக்கு மாற்றிய கணக்கில், லோடு வந்தபோது குறித்ததோடு கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் அதேதான்.

நிறுத்தியதும் அந்த டேங்க்கின் எல்லா நாசிலையும் பூட்டி, சாம்பிள் எடுத்து வைத்து, கடைசியாக எத்தனை மணி பில் வரை போனது என்று குறியுங்கள். புகாரோடு திரும்பி வருபவரிடம் “உங்க வண்டி கோளாறு” என்று ஆரம்பிக்காதீர்கள். பில் நேரத்தை வாங்கிப் பாருங்கள். பதில் அதில் இருக்கிறது.

வெள்ளம் பங்க்குக்குள் ஏறினால்?

டேங்க் மூடிக் குழியில் தண்ணீர் தொட்டால் அந்த டேங்க் விற்பனை நிற்கும். பம்ப் நிற்கும் மேடையின் பாதி உயரம் ஏறினால் எல்லாமே நிற்கும். நாசில்களைப் பூட்டு, பம்ப் பிரேக்கர், பிறகு மெயின் என்ற வரிசையில் அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு பேனல் போர்டைத் தொடக் கூடாது. ஆகவே தண்ணீர் அறைக்கு வரும் முன்பே இதைச் செய்ய வேண்டும். முதலாளியின் போனுக்காகக் காத்திருந்து நேரம் போகக் கூடாது. சூப்பர்வைசருக்கு அணைக்கும் அதிகாரம் உண்டு என்பதை மழைக்காலத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

மழையில் டேங்க்கர் லோடு வந்துவிட்டது. இறக்கலாமா?

இடி, மின்னல் இருந்தால் இறக்கக் கூடாது. பாதியில் மின்னினால் வால்வை மூடி நிறுத்துங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி கழித்துத் தொடரலாம். மின்னல் இல்லாத பெருமழை என்றாலும், மூடியைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போகும் நிலை இருந்தால் டிரைவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து நிறுத்தி வையுங்கள்.

தண்ணீரில் மூழ்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, “எண்ணெய் போட்டா ஓடிடும்” என்கிறார்கள்.

ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். ஏர் ஃபில்டர் வரை தண்ணீர் போயிருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஓரமாக நிறுத்த இடம் கொடுத்து மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் விற்பனை போகும். அவருக்கு எஞ்சின் மிஞ்சும்.

கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு வேண்டும் என்று தண்ணீர் பாட்டில் கொண்டுவருகிறார்கள்.

பிளாஸ்டிக் பாட்டிலில் கொடுக்கக் கூடாது. சொந்த உபயோகத்துக்கு உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள பெட்ரோலுக்குச் சட்டம் விடும் மொத்த அளவு 30 லிட்டர். உலோகக் கலன் ஒன்று 25 லிட்டருக்கு மிகக் கூடாது. இறுக்கமான மூடியுள்ள உலோகக் கேனைத் தரையில் வைத்து, நாசில் கேனின் வாயைத் தொட்டபடி நிரப்புங்கள். பைக் சீட் மேல் வைத்து நிரப்பக் கூடாது.

நெட்வொர்க் போய், பணம் கழிந்துவிட்டது ஆனால் சவுண்ட் பாக்ஸ் பேசவில்லை. என்ன செய்வது?

எண்ணெய் போடும் முன்பே, “அண்ணா, நெட் வரல, கையில காசு இருக்கா?” என்று கேளுங்கள். போட்டபின் கேட்டால்தான் சண்டை. நெட் இல்லை என்பதை எழுதி நாசில் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். புயலுக்கு முதல் நாளே 10, 20, 50 ரூபாய்ச் சில்லறை வாங்கி வையுங்கள்.

பணம் கழிந்தும் வந்து சேராவிட்டால், பரிவர்த்தனை எண், வண்டி எண், நேரம், தொகை நான்கையும் நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கடைக்குச் செய்த யுபிஐ பணம் சேராமல் போனால் ஐந்து நாளுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு என்பது ரிசர்வ் வங்கி விதி. இதை அமைதியாகச் சொன்னாலே பாதிப் பேர் சமாதானமாவார்கள்.

வரிசையில் கத்துகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

என்ன இல்லை, ஏன் இல்லை, எப்போது தெரியும். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்: “பெட்ரோல் இப்ப கிடையாது சார், டேங்க்ல தண்ணி செக் பண்றோம், ஏழு மணிக்குச் சொல்லிடுவோம்.” ஏழு மணிக்கு முடிவு தெரியாவிட்டாலும் ஏழு மணிக்குப் போய், இன்னும் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மின்வாரிய வண்டிகளுக்கு முதலிடம் என்று எழுதி முன்னாலேயே வைத்துவிட்டால், அவர்களை முன்னே விடும்போது கேள்வி வராது.

சாலை மோசம், ஷிப்ட்டுக்கு வர முடியவில்லை. வரும் வழியில் விழுந்தால்?

உயிரைப் பணயம் வைத்து பனியில் பைக்கில் வர வேண்டாம். ஷிப்ட்டை ஆறு மணிக்குப் பதில் எட்டரைக்கு மாற்றும்படி மார்கழி பிறக்கும் முன்பே பேசி முடிவெடுங்கள். ராத்திரி ஆட்களுக்கு அந்தக் கூடுதல் நேரத்துக்குக் கூலியும் பேசிக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்கள் வேலைக்கு வரும் வழியில் அல்லது திரும்பும் வழியில் அடிபட்டால், வேலையோடு தொடர்பு நிரூபணமானால் அதுவும் பணிக்காயமாகவே கொள்ளப்படும். கிளம்பிய நேரம், வழி, ஷிப்ட் அட்டவணை மூன்றுக்கும் ஆதாரம் வையுங்கள். விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுத வையுங்கள்.

கடை, நிறுவன ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. வண்டி வராத மூன்று மணிக்கு ஸ்டூலில் உட்காருவது சோம்பல் ஆகாது. ஸ்டூல் கேனோபித் தூணுக்கு உள்பக்கம், சாலையைப் பார்த்தபடி இருக்கட்டும்.

எந்த எண்களைச் சுவரில் எழுதி வைப்பது?

ஆம்புலன்ஸ் 108. அவசர உதவி 112. தீயணைப்பு 101. நெடுஞ்சாலையில் விபத்து, பழுதாகி நிற்கும் வண்டி என்றால் 1033. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. 1033-க்குப் பேசும்போது எந்தப் பக்கம், கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்றுதான் முதலில் கேட்பார்கள். உங்கள் பங்க்குக்கு நேராக இருக்கும் கல்லின் எண்ணையும், சேலம் பக்கமா ஓசூர் பக்கமா என்பதையும் அதே சுவரில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.